தனபாலனின் காப்பு

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை போனபின், மலேசியாவின் லாபிஸ் ஊர்க்காரரான தனபாலன் பக்கத்து நகரமான சிகாமட்டில் தச்சுப் பயிற்சியில் சேர்ந்தார். மின்ரம்பத் தேர்வில் தேறினால் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை உறுதி.

தேர்வு நாளில் அவர் மணிக்கட்டில் மஞ்சள் நூல் காப்பு இருந்தது. மருத்துவமனையில் கிடக்கும் மகளுக்காகத் தீமிதிக்கு நேர்ந்து கட்டியது. சுழலும் ரம்பத்தில் நூல் சிக்கினால் கையை இழுத்துவிடும் என்பதால் மேலே கையுறை மாட்டிக்கொண்டார். பயிற்றுநர் ஏஞ்சலா சட்டென்று விசையை அணைத்தார்.

"அலமாக்! கிளவ்ஸ் அதவிட மோசம்ணே. துணி மாட்டுனா கையே உள்ள போயிரும். கழட்டுங்க."

கழற்றினார். காப்பு தெரிந்தது.

"இதையும் அறுக்கணுமே."

"ஞாயித்துக்கெழம தீ மிதிச்சப்புறந்தான் டீச்சர் அவுக்கலாம். முன்னாடியே அறுத்தா புள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. மேல டேப் சுத்திக்கட்டுமா?"

"டேப்பும் பிரியும்ணே."

"அடுத்த டெஸ்ட்டு?"

"அடுத்த வருசந்தான்."

ஏஞ்சலா அந்த நூலையே பார்த்தபடி நின்றார். "நான் மாதாவுக்கு நேந்திருந்தாலும் அறுக்க மாட்டேன். ஆனா உங்கள மெஷின்கிட்ட விடவும் முடியாதுண்ணே."

தனபாலன் தலையாட்டிவிட்டு, ரம்பத்தைச் சுற்றித் தரையில் போட்டிருந்த பாதுகாப்புக் கோட்டுக்கு வெளியே போய் நின்றார். ஏஞ்சலா அடுத்தவரை அழைத்தார். ரம்பம் மறுபடி சுழலத் தொடங்கியது.