பேர் மாறாத பாக்ஸ்

கடலூர் முதுநகரில் மரிய ஜோசப்பின் மைக் செட் என்றால், வண்டியும் வயரும்தான் அவர் பொறுப்பு. சத்தம் அவர் மனைவி பெலிசியாவுடையது. மாதா கோயில் பாடல் குழுவில் பாடிக்கொண்டிருந்தவள் அவள். கல்யாணமான புதிதில் கணவர் காய்ச்சலில் படுத்துவிட, வேறு வழியில்லாமல், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்த நாற்காலியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

அவளுக்கு ஒரு பயம் உண்டு. அப்பா அருள் பிரகாஷ், ஒரு மில்லில் மெஷின் பக்கத்திலேயே வேலை பார்த்து, ஐம்பது வயதுக்குள் காது போனவர். இப்போது பெலிசியாவுக்கும் ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

போன தை மாதம் கீரப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாமான் இறக்கும்போது, வலது பக்கம் வைக்கிற ஸ்பீக்கர் பாக்ஸ் கைநழுவிப் படியில் விழுந்து உடைந்தது. 'நாதம் 12' என்ற மாடல். ஜோடியாக வாங்கி வருஷக்கணக்கில் உழைத்தவை. அதே பேரில் ஒன்றைச் சிதம்பரத்தில் கார்த்திகேசன் கடையில் வாங்கினார்கள். அதே கறுப்பு, அதே வலை, முன்னால் அதே எழுத்து.

தொல்லை அதிலிருந்துதான் தொடங்கியது. எந்த விசேஷத்தில் உட்கார்ந்தாலும் வலது பக்கத்துச் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. வயரை மாற்றினாள், ஆம்பிளிஃபயரை மாற்றினாள். மந்தம் வலது பக்கத்தைவிட்டு நகரவில்லை. பாக்ஸோ புத்தம் புதுசு. ஜோசப்பைக் கேட்டால், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு என்றார். அவர் காதுக்கு எப்போதுமே எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டதும் அவளுக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. மேடைக்கு முதுகு காட்டி ஒரு நிமிஷம் நின்று, மந்தம் இடது காதுக்கு மாறுகிறதா என்று கேட்டிருந்தால், கோளாறு காதிலா பாக்ஸிலா என்று தெரிந்திருக்கும். தெரிந்துவிடுமே என்றுதான் அவள் நிற்கவில்லை.

பங்குத் திருவிழா வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை வேறு யாரையாவது மைக் செட் போடச் சொல்லிவிடலாம் என்று அவள் சொன்னபோதுதான் ஜோசப் பதறிப்போனார். அவள் வாயிலிருந்தே விஷயத்தை வரவழைத்து, மறுநாளே சிதம்பரத்துக்குக் காது டாக்டரிடம் கூட்டிப் போனார்.

"ரெண்டு காதும் நல்லா இருக்கும்மா. உங்க வயசுல இவ்ளோ தெளிவா கேக்கறவங்க கம்மி," என்றார் டாக்டர்.

படியிறங்கும்போது பெலிசியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆட்டோ ஹாரன், சைக்கிள் மணி, பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப்பேரைக் கூவுவது, எல்லாவற்றையும் நின்று ஆசையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அப்ப அந்த பாக்ஸ்தாங்க."

நேரே கார்த்திகேசன் கடைக்குப் போனார்கள். அவர் மழுப்பவில்லை. கம்பெனி போன வருஷமே டிசைனை மாற்றிவிட்டது, உள்ளே இருக்கும் ஸ்பீக்கரே வேறு, சினிமாப் பாட்டுக்கு அடிச்சத்தம் தூக்கலாக வரும், குரல்தான் கொஞ்சம் அமுங்கும் என்றார். அப்படியென்றால் பேரையும் மாற்ற வேண்டியதுதானே என்று ஜோசப் சண்டைக்கு நின்றார். ஜனங்கள் பேரைச் சொல்லித்தான் கேட்டு வருகிறார்கள், புதுப் பேர் வைத்தால் ஒருத்தரும் சீந்தமாட்டார்கள், நல்லதாகத்தானே மாற்றியிருக்கிறார்கள் என்பது கார்த்திகேசன் கட்சி.

பெலிசியாவுக்குக் கோபமே வரவில்லை. "நல்லதா மாத்தட்டும் தம்பி, வேணாங்கல. ஆனா நான் ஜோடி சேக்கத்தான வாங்குனேன்? பேருக்குப் பின்னால ஒரு எழுத்து சேத்துப் போட்டிருந்தாக்கூட இது வேறன்னு தெரிஞ்சிருக்கும். தெரியாமப் போயி, என் காதையே நான் சந்தேகப்பட்டுட்டேன்."

"கம்பெனி சொல்லலன்னாலும் நான் சொல்லியிருக்கணும்க்கா," என்றார் கார்த்திகேசன். அங்கேயே போனை எடுத்து, பழைய டிசைனை வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தார். திட்டக்குடியில் டியூஷன் சென்டர் நடத்தும் இளவரசு ஒற்றை பாக்ஸ்தான் வைத்திருந்தார். பாடம் நடத்த எதுவானாலும் சரி. புதுசு கிடைத்தால் பழசைக் கொடுத்துவிடச் சம்மதம் என்றார். ஜோசப் வண்டியில் போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

கார்த்திகேசன் இப்போது அந்த மாடலின் மேல் 'புது டிசைன்' என்று தாள் ஒட்டித்தான் விற்கிறார். கம்பெனி ஆளிடமும் பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மேலே சொல்கிறோம் என்று பதில் வந்ததோடு சரி.

திருவிழாவன்று சாயங்காலப் பூசையில் முதல் பாட்டு எழும்பியபோது, குரல் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில், பீடத்துக்கு நேராக வந்து நின்றது. பெலிசியா மிக்ஸரில் எதையும் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். பூசை முடிந்ததும் பாடல் குழுவின் இன்னாசிமேரி வந்து, இன்றைக்கு நம்ம பாட்டு நமக்கே நல்லா இருந்தது என்றாள்.

"எனக்கும் கேட்டுச்சுடி," என்றாள் பெலிசியா.