கறுப்புக் காரைக் குத்திப் பார்த்த சௌந்தரம்

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி சௌந்தரம், பிறந்தவுடனே மருத்துவச்சியின் கையில் விரல் ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் அழுதாளாம். பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே மறுத்துப் பேசவும் ஆள் இல்லை. கல்யாணத்தன்று நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு முடித்த கையோடு, பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தவள் அவள். முடிச்சு கெட்டியாகத்தான் இருந்தது. நாத்தனார்தான் இருபத்தைந்து வருஷமாய் அவளோடு பேசுவதில்லை.

சந்தையில் அவள் தலை தெரிந்தால் தராசு தானாகவே நிமிர்ந்து உட்காரும் என்பார்கள். முக்கால்வாசி உண்மைதான்.

அவளுடைய தம்பி இளவரசு சிதம்பரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். மாசி மாதம் அவன் தலையில் ஒரு ஆசை ஏறி உட்கார்ந்தது. நீளமாய், கறுப்பாய், வெளிநாட்டுப் பணக்காரக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடவேண்டும். அதற்காக அப்பா விட்டுப்போன ஃபைபர் படகில் தன் பங்கை விற்கத் துணிந்துவிட்டான். கிள்ளையிலிருந்து அரசு என்கிற உறவுக்காரன் கார் பார்க்கப் போகும் அன்று சாயங்காலமே முன்பணத்தோடு வருவதாகப் பேச்சு. பங்கு கைமாறிவிட்டால் திரும்பாது. கடலில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே பிடி அதுதான்.

"படகை விக்கிறது உன் இஷ்டம். ஆனா காரை நான் பார்க்காம நீ கையெழுத்துப் போட்டே, அக்கா தம்பி உறவு அதோட சரி" என்றாள் சௌந்தரம்.

"உனக்குக் காரைப் பத்தி என்னாக்கா தெரியும்?"

"வீடியோ பார்த்திருக்கேன்."

பத்து நாளாய்ப் பார்த்திருந்தாள். ஒருத்தன் சொன்னதை இன்னும் மூன்று பேரும் சொன்னால்தான் நம்பினாள்.

பைபாஸ் ஓரம் தகரக் கொட்டகைக்குள், கோயம்புத்தூர் டாக்டர் ஒருத்தர் கேரேஜிலேயே வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் கார் நின்றது. பழைய கார் வியாபாரி ராஜ்கமல், வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று, "வாங்கம்மா, வாங்க. பதினோரு மணின்னு சொன்னீங்களே?" என்றான்.

மணி ஒன்பதரை. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதுதான் அதன் நோய் வெளியே தெரியும் என்று மூன்று வீடியோ சொல்லியிருந்தது; அதற்காகத்தான் முன்னதாகவே வந்தாள். சௌந்தரம் காரின் முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது.

"வெயில்மா" என்றான் ராஜ்கமல்.

"கொட்டாய்க்குள்ள எங்கேர்ந்து வெயிலு வந்துச்சி?"

"அக்கா!" என்று பல்லைக் கடித்தான் இளவரசு.

காரைச் சுற்றி வந்தாள். மூன்று கதவுக் கண்ணாடிகளின் மூலையில் ஒரே வருஷம் அச்சாகியிருந்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் மூன்று வருஷம் இளையது.

"அது ஒண்ணுமில்லம்மா, கொரங்கு கல்லு விட்டுடிச்சி."

"கோயம்புத்தூர் டாக்டரு கேரேஜை விட்டு வெளியவே எடுக்கலன்னியே. கொரங்கு கேரேஜுக்குள்ள போயா விட்டுச்சி?"

முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று காட்டியது மீட்டர். பிரேக் மிதியின் ரப்பரோ, அவளுடைய நாலு வருஷத்துச் செருப்பைவிடத் தேய்ந்திருந்தது.

"டாக்டருக்குக் கால் வெயிட்டும்மா."

"ஆமாமா, ஆனை டாக்டரா இருப்பாரு."

பின்சீட்டில் ஏறி பெல்ட்டைக் கடைசி வரை உருவினாள். தண்ணீரில் முங்கிய கார் என்றால், சுருட்டி வைத்த அந்தக் கடைசி முழத்தில்தான் சேற்றுக் கோடு ஒளிந்திருக்குமாம். கோடு இல்லை. அந்த பெல்ட்டும் மற்ற மூன்றும் புத்தம் புதிதாய் இருந்தன. ஏழு வருஷத்துக் காரில் நாலு பெல்ட்டும் ஏன் புதுசு? அப்போதுதான் வாசனை அவள் மூக்கில் ஏறியது. எலுமிச்சை ஒன்று, மல்லிகை ஒன்று, சந்தனம் ஒன்று என்று மூன்று வாசனைக் குப்பி காருக்குள் தொங்கியது. நல்ல மீனுக்கு யார் அத்தர் போடுவார்கள்?

மழையில் நனைந்த கருவாட்டை மறுபடி காயவைத்துத் தலையில் கட்டப் பார்க்கும் ஆட்களை அவள் முப்பது வருஷமாய்ப் பார்த்து வருகிறாள். மேலே தொட்டால் மொறமொறவென்று இருக்கும். மூட்டையின் நடுவயிறு மட்டும் ஈரம் விடாது. அதற்கென்றே மரப்பிடி போட்ட சாண் நீளக் கோணி ஊசி ஒன்று அவள் பையில் உண்டு. மூட்டைக்குள் செருகுவாள், உருவுவாள், முகர்வாள். அவ்வளவுதான் பரிசோதனை.

யாரும் தடுப்பதற்குள் ஊசியை முன்சீட்டுக் கால்விரிப்பில் சாய்த்துக் கைப்பிடி வரை இறக்கிவிட்டாள்.

"ஐயோ! கம்பெனி கார்ப்பெட்டும்மா!" ராஜ்கமலின் அலறலில் பக்கத்து டீக்கடைக் கிளாஸ்கள் கிணுகிணுத்தன.

சௌந்தரம் ஊசியை முகர்ந்தாள். கண் விரிந்தது. "தம்பி, இந்தக் காரு கடல்ல முங்கியிருக்குடா! வாளைக் கருவாடு வாடை அடிக்குது!"

ராஜ்கமல் ஓடி வந்தான். ஊசியை வாங்கி முகர்ந்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "அம்மா, இது உங்க ஊசி வாடைம்மா! உங்க பையே அந்த வாடைதான் அடிக்குது!"

டீக்கடைக்காரர் சிரித்தார். டீ குடிக்க வந்தவர்களும் சிரித்தார்கள். இளவரசுவின் முகம் கறுத்துப் போனது. "மானம் போவுதுக்கா. நீ பஸ் ஏறு. நான் பேசி முடிச்சிட்டு வரேன்."

வாடைக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு. தன் வாடையைத் தானே அறியாது. முதல் தடவையாக சௌந்தரத்துக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. ஆனால் ஏறும் பஸ்ஸையும் அவள் நம்புகிறவள் இல்லை. டீக்கடைத் தொட்டியில் சோப்புப் போட்டு ஊசியைத் தேய்த்துக் கழுவினாள். துடைத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"என் மூக்கு வாணாம். நீயே குத்திப் பாரு. சுத்தமா வந்திச்சின்னா நானே உனக்குப் பேனா தரேன்."

"ஒரு ஓட்டை போதாதாம்மா?" என்று ராஜ்கமல் குறுக்கே வந்தான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு நின்ற விதம்தான் இளவரசுவை உறுத்தியிருக்க வேண்டும். "ஒரே குத்துண்ணே. அக்கா வாயை அடைக்கத்தான்" என்று பின்சீட்டுக் கால்பள்ளத்தில், நல்ல ஆழமாக, அவனே குத்தினான். உருவினான்.

நுனியின் தட்டைப் பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் மாவு போன்ற சேறு ஈரமாய் மின்னியது. முகர்ந்தான். கருவாடும் இல்லை, கடலும் இல்லை. வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரோரம் அடிக்கும் சாக்கடை நாற்றம். கடலூர்க்காரனுக்கு அந்தச் சேற்றை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பீரோவுக்கடியிலிருந்தும் கட்டிலுக்கடியிலிருந்தும் எத்தனையோ வருஷம் அதை வழித்துக் கொட்டியவன்.

"சத்தியமா எனக்கே தெரியாதும்மா. ஏலத்துல எடுத்த வண்டி" என்றான் ராஜ்கமல்.

"டாக்டர் வண்டின்னியே?" என்றாள் சௌந்தரம்.

அவன் வாசனைக் குப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பைபாஸில் வெயில் ஏறியிருந்தது. அக்காவும் தம்பியும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அங்கே போனதும் இளவரசு போனை எடுத்தான்.

"அரசு மச்சானுக்குப் பேசிடுறேன். படகுப் பங்கு விக்கல."

"ஸ்பீக்கர்ல போடு."

போட்டான். "மச்சான், நீ வர வாணாம். பங்கை நானே வெச்சிக்கிறேன்" என்றான். "என்னா மச்சான், கெளம்பிட்டேனே" என்று அந்தப் பக்கம் குரல் வருத்தப்பட்டது.

சௌந்தரம் போனை முறைத்துப் பார்த்தாள். "பேசுறது அரசுதானா? இல்ல, யாரையாவது வெச்சி எனக்கு நாடகம் ஆடுறியா? அவன் பொண்டாட்டி பேரைக் கேளு."

"அக்கா..."

"கேளுடா."

இளவரசு கேட்டான். போனில் அரசுவின் குரல் தாழ்ந்தது.

"சௌந்தரக்கா பக்கத்துல இருக்குதா? ஜோதிலட்சுமின்னு சொல்லு மச்சான்."

சௌந்தரம் தலையை ஆட்டிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸின் டயரைக் குனிந்து பார்த்தாள்.