செமோர் சிம்பாங்கில் நாற்பத்தைந்து நிமிடம்

இந்தப் பயணத்துக்குக் காரணம் வயிற்றெரிச்சல். இயற்கை அழகு, மன அமைதி என்றெல்லாம் தொடங்கலாம்தான், ஆனால் பொய்யாகிவிடும். கோலாலம்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினெட்டுப் பேர் கொண்ட அணிக்கு நான் தலைவன். எனக்கு அடுத்த இடத்தில் இருந்த புவனா ஒரு புதன்கிழமை வேலையை விடுவதாகச் சொன்னார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். ஈப்போவுக்கு, ஜெகனின் அணிக்கு என்றார். தலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெகன் பத்து வருடத்துக்கு முன் என் பக்கத்து மேசைக்காரன். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், பதவி உயர்வு எனக்குத்தான் முதலில் வந்தது. இப்போது அவன் ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து என் அணியைவிடப் பெரிய அணியை நடத்துகிறான். சனிக்கிழமை ஆனால் அவர்களில் சிலரோடு பழைய ரப்பர் தோட்டங்களில் சைக்கிள் ஓட்டிப் படம் போடுகிறான். நானும் மலை ஏறுபவன், சைக்கிள் ஓட்டுபவன், புதிதாக எந்தக் கருவி வந்தாலும் வாங்குபவன். ஆனால் நான் அழைத்தால் மட்டும் என் அணியில் எல்லார் வீட்டிலும் அன்றைக்கே கல்யாணம் வந்துவிடும்.

இன்னொரு முறை யோசிக்கச் சொன்னேன், புவனா இறுதி முடிவைத் திங்கட்கிழமை சொல்வதாக ஒப்புக்கொண்டார். அதற்குள் ஜெகனிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, அதைவிட நல்லதாக ஒன்றைக் காட்டி அவரை நிறுத்திவிட வேண்டும் என்பது என் திட்டம். "சனிக்கிழமை ஓட்டத்துக்கு நானும் வாரேன்" என்று ஜெகனுக்குச் செய்தி அனுப்பினேன். "வா மச்சான்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

காலை ஆறே காலுக்குக் கோலாலம்பூரில் மின்சார ரயில் ஏறினேன். ஒரு வழிக்கு 46 ரிங்கிட். எட்டே முக்காலுக்கு ஈப்போ. சைக்கிளை ரயிலில் ஏற்றும் தொல்லை வேண்டாம் என்று நாள் வாடகைக்கு 40 ரிங்கிட்டில் ஒன்று சொல்லி வைத்திருந்தேன், அது செமோரில் காத்திருந்தது. நிலையத்திலிருந்து செமோருக்குப் பதினாறு கிலோமீட்டர், வாடகைக் கார் 22 ரிங்கிட். ஓட்டுநர் ஜெலாப்பாங்கில் இருப்பவர், ஐம்பது வயதுக்கு மேல்.

"ஏண்ணே, அந்தப் பக்கம் இன்னும் பால்மரம் இருக்கா?" என்று கேட்டேன்.

"எங்க லா தம்பி, எல்லாம் செம்பனை ஆயிருச்சு. ஓரத்துல ரெண்டு மூணு வரிசை நிக்குது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரி அந்தத் தோட்டத்துலதான் பொறந்தா." என் தலைக்கவசத்தைக் கண்ணாடியில் பார்த்தார். "சைக்கிளா? ஜெகன் ஆளுங்களோடயா? நல்ல புள்ளைங்க லா. ஒருவாட்டி என் காடி சேத்துல மாட்டிக்கிச்சு, ஏழு பேரும் எறங்கித் தள்ளிவிட்டாங்க."

வாடகைக் கார் ஓட்டுநர்கூட அவனைப் பாராட்டினால் நான் எங்கேதான் போவது? மீதி வழி முழுக்கச் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

செமோரில் ஜெகனோடு ஆறு பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் அவனை அண்ணே என்றார்கள். என்னை என் அணி முதலாளியைக் கூப்பிடுவதுபோல் போஸ் என்றுதான் கூப்பிடும், இத்தனை நாள் அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அவர்களில் ஸ்டெல்லா என்பவர் தாப்பாவிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது. அவர் எல்லாருக்கும் உள்ளங்கை அளவில் ஒரு வானொலிக் கருவி கொடுத்தார். தோட்டத்துக்குள் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது. இந்தக் கருவிகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு, யார் எங்கே இருக்கிறார்கள் என்று திரையில் புள்ளி புள்ளியாகக் காட்டும். ஜெகனே பாகங்களை வாங்கிச் சேர்த்துச் செய்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

"மச்சான், கெளம்பறதுக்கு முன்னாடி நம்ம ரூல்ஸ் ரெண்டு சொல்லிடுறேன்," என்றான் ஜெகன்.

"தெரியும் மச்சான். நானும் பத்து வருஷமா ஓட்டுறேன்."

அவன் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நான் கருவியை அணைத்துப் பைக்குள் போட்டேன். அவன் திரையில் நான் ஒரு புள்ளியாக ஊர்வதா? என் கையில்தான் 2,300 ரிங்கிட் கைக்கடிகாரம் இருந்ததே, அதில் முழு வரைபடமும் இருந்தது.

ஒன்பது ஐம்பதுக்குக் கிளம்பினோம். மொத்தச் சுற்று 24 கிலோமீட்டர், முக்கால்வாசி செம்மண் பாதை. தோட்டத்துக்குள் ஓட்ட ஜெகன் நிர்வாகத்திடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தான். இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, நடுநடுவே தொழிலாளர்கள் விட்டுப்போன ஆளில்லாத லயத்து வீடுகள், ஓரிடத்தில் ஓட்டுநர் சொன்ன அந்தப் பால்மர, அதாவது ரப்பர் மர வரிசை. பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகள் அப்படியே இருந்தன. நிழலும் காற்றுமாக அருமையான பாதை, அதை மறைக்கப் போவதில்லை.

எல்லாருக்கும் முன்னால் ஓட்டியது ஸ்டெல்லா. ஜெகன் கடைசியில் வந்தான். புதியவர் முன்னால், தலைவன் பின்னால் என்பது அவர்கள் வழக்கமாம். எனக்கு அது தாங்கவில்லை. ஸ்டெல்லா மெதுவாக ஓட்டினார். ஒன்பதாவது கிலோமீட்டரில் மணியடித்து அவரைத் தாண்டினேன். பதினோராவது கிலோமீட்டரில் மூன்று பாதை பிரியும் சிம்பாங் வந்தது. கடிகாரம் வலது பக்கம் காட்டியது. நிற்காமல் திரும்பினேன்.

இரண்டு கிலோமீட்டர் போன பிறகு, வரைபடத்தில் பாலம் இருந்த இடத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைதான் இருந்தது. வரைபடத்தைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். திரும்பும்போது குறுக்கு வழியில் போகலாம் என்று செம்பனை வரிசைக்குள் நுழைந்தேன். செம்பனைக்குள் எந்த வரிசையும் அடுத்த வரிசை போலத்தான் இருக்கும். மழையும் பிடித்துக்கொண்டது. பையில் இருந்த கருவியை எடுத்து முடுக்கினால் போதும், ஆனால் முடுக்கினால் நான் தொலைந்தது எல்லார் திரையிலும் தெரியும். அந்த நிலைமையிலும் எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

சிம்பாங்குக்கு நான் திரும்பி வந்து சேர நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. செம்பனைக் குலை ஏற்றும் தகரக் கொட்டகைக்கு அடியில் ஆறு பேரும் நனைந்து நின்றிருந்தார்கள். பிரியும் இடத்தில் முன்னால் போகிறவர் நின்று, கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும் என்பதுதான் ஜெகன் சொல்ல வந்த ரூல்ஸில் ஒன்று. ஜெகன் இடது பாதையில் என்னைத் தேடிப் போயிருந்தான். ஸ்டெல்லா கருவியில் செய்தி அனுப்ப, முழங்கால் வரை சேற்றோடு வந்தான்.

"வந்துட்டியா மச்சான்? அடி கிடி படலயே? சரி, போலாம் வா," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு மணிக்குச் செமோரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். வறுத்த நூடுல்ஸான மீ கோரேங், ஆற்றிய பால்தேநீரான தே தாரிக், தலைக்கு ஒன்பதரை ரிங்கிட். தே தாரிக் வந்ததும் ஜெகன் ஒரு தாளை எடுத்தான். மென்பொருள் படுத்துவிட்டால் எழுந்த பிறகு நாங்கள் ஒரு கூட்டம் போடுவோம், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று. இவர்கள் அதைச் சைக்கிள் ஓட்டத்துக்கும் செய்கிறார்கள். அதில் யார் என்ற கேள்வி மட்டும் கிடையாதாம்.

முதலில் பேசியது ஸ்டெல்லா. "இந்த அண்ணனுக்குக் கருவி குடுத்தேன், ஆனா ஆன் ஆயிருக்கான்னு பாக்கல. கெளம்பறப்பவே என் திரையில ஒரு புள்ளி கம்மியாதான் இருந்திச்சு. நான் எண்ணிப் பாத்திருக்கணும்."

"தெரியும்னு அவன் சொன்னாலும் நான் ரூல்ஸ முழுசா சொல்லியிருக்கணும்," என்றான் ஜெகன். "அடுத்த வாட்டி எண்ணிட்டுத்தான் கெளம்பறோம்." எழுதிக்கொண்டான்.

"பரவால்ல லா அண்ணே, யானைக்கும் அடி சறுக்கும்," என்று ஒருவர் என் பக்கம் மீ கோரேங் தட்டைத் தள்ளினார்.

நானேதான் கருவியை அணைத்தேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, தே தாரிக்கைக் குடித்தேன். எனக்கு உள்ளே பற்றி எரிந்தது. மூன்று வாரப் பெண் எவ்வளவு சுலபமாகத் தன் தவற்றைச் சொல்கிறார்! என் அணியில் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. காரணமும் எனக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை எங்கள் மருந்தகச் செயலியில் புதிதாக வெளியே விட்ட ஒரு மாற்றத்தால் பணம் கட்டும் பகுதி படுத்துவிட்டது. கூட்டத்தில் "இதை விட்டது யாரு?" என்று சத்தமாகக் கேட்டேன். புவனா கையைத் தூக்கினார், எல்லார் முன்னிலையிலும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அந்த மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தவன் நான். அதற்கு முந்தைய சனிக்கிழமை, ஒரு மலை உச்சியில் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு வரிகூடப் படிக்காமல் கைபேசியில் தட்டிவிட்டேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு ஈப்போ நிலையத்தில் இருந்தேன். ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது, இந்தப் பயணக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். போக நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டங்கள் தனியார் நிலம், அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும், உள்ளே கடை கிடையாது. மதியத்துக்குள் முடித்துவிடுவது நல்லது, மழை வந்தால் செம்மண் சக்கரத்தை விடாது. வரைபடத்தில் இருக்கும் பாலம் எல்லாம் இருக்கிறது என்று நம்பாதீர்கள். திரும்பும் ரயிலில் சனிக்கிழமை கூட்டம் அதிகம், முன்பதிவு செய்துவிடுங்கள். எனக்கு ஆன மொத்தச் செலவு 185 ரிங்கிட் 50 காசு.

எழுதி முடித்தும் இன்னும் நேரம் இருந்தது. புவனாவைக் கைபேசியில் அழைத்தேன். சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லத்தான் மூன்று நாளாக வார்த்தை தேடி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"புவனா, அன்னிக்குக் கூட்டத்துல இதை விட்டது யாருன்னு கேட்டேன்ல. அதுக்கு ஓகே குடுத்தது நான்தான். படிக்காமலே குடுத்தேன்."

"தெரியும் போஸ்."

"தெரியுமா?"

"உங்க பேரு அந்த ஒப்புதல் பதிவுலயே இருந்திச்சே. நீங்க கேட்டப்ப, நீங்களும் கை தூக்குவீங்கன்னு கொஞ்ச நேரம் உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பறம்தான் நான் தூக்குனேன்."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். திங்கட்கிழமை முடிவு என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்.

"நீங்க இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் ஈப்போ பக்கம் திரும்பியே பாத்திருக்க மாட்டேன் போஸ்."

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில், பதினேழு பேர் முன்னிலையில், ஒப்புதல் என்னுடையது என்று சொன்னேன். ஜெகனுக்கும் எழுதினேன், கருவியை நானேதான் அணைத்தேன் என்று. மாதக் கடைசியில் புவனா அவனிடம் போய்ச் சேர்ந்தார். அவன் மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை. ஆனால் புவனாவை அவன் பறித்துக்கொண்டான் என்று இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை.