ஆறு வாரக் கோதுமை

வயிறு சரியில்லை என்று எங்கள் ஆட்களில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: சோற்றைக் குறை, சப்பாத்தி சாப்பிடு. சர்க்கரைக்கும் சப்பாத்தி, தொந்திக்கும் சப்பாத்தி. விரத நாளில்கூட இரவில் சோறு ஆகாது, கோதுமைதான். அதனால் என் வயிறு தகராறு செய்ய ஆரம்பித்தபோது நான் யாரையும் கேட்காமலேயே சோற்றைச் சந்தேகப்பட்டேன். காலையில் சிங்கப்பூர்த் தேக்கா கடைத்தெருவில் இரண்டு பரோட்டா, இரவு வீட்டில் சப்பாத்தி. வயிறு மோசமாக ஆக, மிச்சமிருந்த கொஞ்சம் சோற்றையும் நிறுத்தினேன். இப்படியே மூன்று வருடம் போனது.

தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்குக் காவல் வேலை, காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. வீடு பூன் லேயில், ஒற்றையறை வாடகை வீடு. கல்யாணம் ஆகவில்லை. படிப்பு பிரைமரி ஆறோடு நின்றுவிட்டது. பகலில் நாங்கள் இரண்டு பேர். நான் கேட்டில் இருப்பேன், இன்னொருவர் சுற்றி வருவார். கேட்டில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. கழிவறைக்குப் போகவேண்டும் என்றால் வாக்கி டாக்கியில் அவரைக் கூப்பிட்டு, அவர் வந்து நின்ற பிறகுதான் போகலாம். என்னைப் போல வாய் திறக்கக் கூச்சப்படுகிறவனுக்கு ஒரு நாளில் நான்கு முறை அப்படிக் கூப்பிடுவது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ஒரு வாரம் அரிசிக் கஞ்சி மட்டும் குடித்தேன். அந்த வாரம் வயிறு இருக்கிற இடமே தெரியவில்லை. பல்தான் காரணமாக இருந்ததோ என்றுகூட நினைத்தேன். எட்டாம் நாள் ஆசையாகப் பரோட்டா சாப்பிட்டேன். பத்து மணிக்குள் இரண்டு முறை வாக்கி டாக்கியில் கூப்பிட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் புரிந்தது.

கோதுமையை நிறுத்தினேன். ஆனாலும் சில நாட்களில் வயிறு கலக்கியது. கூட வேலை செய்பவர் மலேசியப் பக்கம் ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், என்னைவிட இளையவர். அவர் மனைவி கொடுத்தனுப்பும் சாப்பாட்டில் எனக்கும் ஒரு டப்பா இருக்கும். சோறும் ரசமும்தான், அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் எந்தப் பொட்டலத்தைக் கண்டாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. ஒருநாள் கடையில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. பெருங்காயம் இல்லாத ரசத்தை எந்த வீட்டில் வைக்கிறார்கள்?

உண்மையை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் 'உங்கள் வீட்டு ரசம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்ற வாக்கியத்தை மனதுக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் நன்றாகவே இல்லை. காலையில் சாப்பிட்டதே இன்னும் இறங்கவில்லை என்று பொய் சொல்லி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏண்ணே, என் வீட்டுக்காரி சமையல் அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாம் இல்லப்பா."

மறுவாரம் சிரிக்காமல் கேட்டார். அதற்கடுத்த வாரம் ஒரு டப்பாதான் கொண்டுவந்தார். அவர் காவல் அறையில் சாப்பிட்டார். நான் என் தயிர்ச்சோற்றை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த படிக்குப் போனேன்.

அரசாங்கப் பாலிகிளினிக்கில் டாக்டர் ஒரு சீனப் பெண், சின்ன வயது. என் அரைகுறை ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்டார். கோதுமையால் குடல் கெடும் நோய் ஒன்று இருக்கிறதாம். ரத்தப் பரிசோதனையில் தெரியுமாம். ஆனால் நான் கோதுமையை நிறுத்திவிட்டதால், இப்போது ரத்தம் எடுத்தால் ஒன்றும் காட்டாமல் போகலாம்.

"அங்கிள், டெஸ்ட் செய்யணும்னா ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிடணும். ரொம்ப முடியலன்னா உடனே வாங்க" என்பதை மூன்று விதமாகச் சொல்லி எனக்குப் புரியவைத்தார். ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கொடுத்து, யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

இரண்டு வாரம் யோசித்தேன். வயிற்றுவலிக்குப் பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால்? கல்யாணம், காது குத்து, கொண்டோ ஆட்களின் தீபாவளி விருந்து என்று யார் கூப்பிட்டாலும் வயிற்றைக் காரணம் சொல்லித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். வயிறு நன்றாக இருந்த காலத்திலும் நான் போனதில்லை, அப்போது வேறு காரணம் சொன்னேன். இந்த நோயும் இல்லை என்றாகிவிட்டால் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு என்ன காரணம் மிஞ்சும்? பூன் லே ரயிலில் அந்தச் சீட்டை எடுத்துப் பார்ப்பேன், மடித்து வைப்பேன். பரிசோதனை வேண்டாம், இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் பல நாள் தோன்றியது.

ஆனால் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது, காவல் அறையில் ஜொகூர்க்காரர் போனில் மனைவியோடு பேசுவது கேட்கும். ஒருநாள், "இல்ல, அவருக்கு வேணாமாம்" என்றார். என்னைப் பற்றித்தான். அந்த அம்மாள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்று சாயங்காலம் சீட்டை அவரிடம் நீட்டினேன். நின்றபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, பெருங்காயம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பரோட்டா தின்னா வயித்த கலக்குதுன்னு போனீங்க. தினமும் பரோட்டா தின்னுங்கன்னு அனுப்பிட்டாங்களா? நல்ல டாக்டர்லா!" என்றார்.

"டெஸ்டுக்காகப்பா."

"தெரியுதுண்ணே. மூணு மாசமா என் பொண்டாட்டி என்னைத்தான் திட்டுறா, நான் என்னமோ சொல்லி உங்க மனச நோகடிச்சிட்டேன்னு." சீட்டை மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "சாப்பிடுங்க. ஓடணும்னா ஓடுங்க. கேட்ட நான் பாத்துக்குறேன்."

இன்று பதினோராவது நாள். காலையில் இரண்டு துண்டு ரொட்டி, மதியம் அவர் வீட்டு ரசம். வேலை நாட்களை எப்படியோ ஓட்டிவிடுகிறேன். நான் கூப்பிடுவதற்கு முன்பே சில சமயம் அவர் கேட்டுக்கு வந்துவிடுகிறார். ஓய்வு நாட்கள்தான் நீளமாக இருக்கின்றன. நேற்று வீட்டில் தனியாக ரொட்டியைத் தின்றுவிட்டு, வலி வரும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் குளியலறைக்குப் போனேன். கதவைச் சாத்தவில்லை. சாத்தி யாருக்கு மறைக்க வேண்டும்? அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரிப்பது கேட்டது. ஒருமுறை போனை எடுத்து அவர் எண்ணைத் தேடினேன். ஓய்வு நாளில் அவர் பிள்ளைகளோடு இருப்பார் என்று திரும்ப வைத்துவிட்டேன். ரத்தம் எடுக்க இன்னும் முப்பத்தோரு நாள் இருக்கிறது.