கடல் நீலத்தில் ஒரு லாட்ஜ்

தேவசகாயத்துக்கு நீலம் என்றால் பைத்தியம். மகாபலிபுரத்தில் கடலைப் பார்த்த ஓர் ஓட்டலில் இருபத்திரண்டு வருஷம் படுக்கை விரித்தவன். அங்கே அறைச் சுவரெல்லாம் நீலம். அந்த ஓட்டலை இழுத்து மூடியதும் 1967இல் காஞ்சிபுரம் திரும்பினான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வௌவால் குடியிருந்த ராமலிங்கத்தின் லாட்ஜைப் பார்த்ததுமே மனுஷனுக்குக் கை பரபரத்தது. நடத்திப் பார்க்கிறேன் என்று போய்க் கேட்டான். ராமலிங்கம் சிரித்தார். தை முகூர்த்தத்துக்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே பட்டெடுக்க வருகிற கூட்டத்தில் எட்டு அறையும் நிரம்பினால் லாட்ஜ், இல்லாவிட்டால் மார்கழியில் இடித்து நெல் குடோன் என்று சொல்லிவிட்டார்.

ஆடின கட்டில்களுக்கெல்லாம் ஆப்பு அடித்தான். கிணற்றைத் தூர் வாரினான். அவன் மனைவி அன்னம்மாள் பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து வந்து தரையைத் தேய்த்தாள். கடைசியில் சுண்ணாம்பில் நீலப் பொடியைக் கொட்டிக் கலக்கி, எட்டு அறையையும் பழைய ஓட்டல் மாதிரியே ஆக்கிவிட்டான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

ஐப்பசியில் ஆம்பூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பகலெல்லாம் கடை கடையாக ஏறி, மாம்பழ மஞ்சளில் முகூர்த்தப் பட்டு எடுத்தார்கள். பட்டெடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? அறைக்கு வந்ததும் கட்டிலில் விரித்து இன்னொரு தடவை பார்த்தால்தான் மனசு ஆறும். விரித்தார்கள். மாம்பழம் மாங்காயாகிக் கிடந்தது. கடைக்காரன் புடவையை மாற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டான் என்று பெண்ணின் தாய் கடைக்கே போய் ஆடித் தீர்த்துவிட்டாள்.

கடைக்காரர் அர்ஜுனன் லாட்ஜுக்கு வந்தார். புடவையை முற்றத்தில் பிரித்தார். மஞ்சள். அறைக்குள் கொண்டுபோனார். பச்சை. சுவரையும் தேவசகாயத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ரூமு இல்லப்பா, சாயத் தொட்டி. பட்ட கையில வச்சிக்கினு எவனாவது இங்க தங்குவானா?"

அப்புறம் கேட்கணுமா? அந்த லாட்ஜ் பக்கமே போகாதீர்கள் என்று கடைக்குக் கடை சொல்லியனுப்பினார்கள். எட்டு அறையும் காலி. வெள்ளையடித்தால் தீர்ந்தது என்றாள் அன்னம்மாள். அவனுக்கோ மனசு வரவில்லை. யாரோ படுத்துறங்கிய அறைகளில் தொட்டுத் துடைத்த நீலம், இப்போதுதான் தன் கைக்கு வந்திருக்கிறது. அதையும் அழிப்பதா? முரண்டு பிடித்தான். கார்த்திகை பிறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் சுண்ணாம்பு மட்டையை எடுத்தான். அடிக்க அடிக்க அழுதான். அன்னம்மாள் பார்த்தும் பார்க்காதவள் போல் இருந்துவிட்டாள்.

வெள்ளைச் சுவருக்குள் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது; கடைக்காரர்களே ஆள் அனுப்பினார்கள். அறைகள் நிரம்பின. ராமலிங்கம் குடோன் பேச்சை விட்டார்.

மார்கழியில் கூட்டம் ஓய்ந்ததும் தேவசகாயம் அவளை மகாபலிபுரத்துக்கு அழைத்துப் போனான். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவளை அங்கே கூட்டிப்போனதில்லை. தான் அடித்த நீலம் எவ்வளவு அழகு என்று கடலே அவளுக்குச் சொல்லட்டும் என்று நினைத்தான். ஓட்டல் பூட்டிக் கிடந்தது. அன்னம்மாள் மணலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். மார்கழிக் கடல் சாம்பலும் பச்சையுமாகப் புரண்டுகொண்டிருந்தது.

"நீ அடிச்சது இந்தக் கலரே இல்லியேய்யா" என்றாள்.

மறுக்க வாயெடுத்தவன் கடலைத் திரும்பிப் பார்த்தான். காலையில் துடைப்பம், மத்தியானம் படுக்கை விரிப்பு, சாயங்காலம் பாத்திரம். இருபத்திரண்டு வருஷமாக அவன் பார்த்ததெல்லாம் சுவரைத்தான். கடலுக்கு முதுகைக் காட்டியே காலத்தை ஓட்டியிருக்கிறான். மணலில் உட்கார்ந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள் அன்னம்மாள். அவன் எழுந்திருக்கவில்லை.