விரிப்பின் மறுமுனை

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினோரு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கும் அவளுக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். இயந்திர இரைச்சலையும் தூக்கிச் சாப்பிடும் குரல். அவள் சிரித்தால் மூன்றாவது மாடி நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்பார்கள். ஐயோ, அன்று விசாரணை அறையில் அந்தக் குரல் வெளியே வரவே இல்லை!

எதிரே சூப்பர்வைசர். கவுன்சிலரின் மச்சான். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். இளம்பெண்கள் மடிக்கும்போதெல்லாம் மறுமுனையை இவன் பிடுங்கிக்கொள்வான். முனையை வாங்குகிற சாக்கில் அவன் கை எங்கெங்கோ போகும். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் விசும்பிக்கொண்டே வெளியே ஓடியதைப் பார்த்தாள் மைக். அன்றே புகார் எழுதினாள்.

மறுநாள் கவுன்சிலரின் ஆள் அவள் கணவரின் சைக்கிள் கடைக்கு வந்து, "கடை இங்க இருக்கணுமா, வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கணவர் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "கடைய நான் பாத்துக்கறேன். நீ போய்ப் பேசு."

ஆனால் விசாரணையில் பேசியது சூப்பர்வைசரல்லவா!

"ஆள் பத்தல மேடம். பாவமேன்னு நானே கூட நின்னு மடிக்கிறேன். தினமும் அம்பது விரிப்பு, மூணு வருஷமா! கை பட்டிருக்கும். உதவி செஞ்சவனுக்கு இதான் பரிசா?"

வாசலில் நின்ற சலவைக்கூடப் பெண்கள் தலைகுனிந்தார்கள்.

"வேற யாராவது சொல்றீங்களா?" என்றார் விசாரணை அதிகாரியம்மா. பெண்கள் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒதுங்கினார்கள். அதிகாரியம்மா பேனாவை மூடப் போனார்.

மைக் சட்டென்று எழுந்தாள்.

"மேடம், ஒரே ஒரு விரிப்பு கொண்டாரச் சொல்லுங்க. சார் மடிச்சுக் காட்டட்டும். மறுமுனைய நம்ம வாட்ச்மேன் அண்ணன் பிடிப்பாரு."

விரிப்பு வந்தது. அவன் அகலத்தில் மடித்தான், பிரித்தான், முறுக்கினான். வார்டு முத்திரை உள்ளே போய்விட்டது.

"முத்திரை வெளிய தெரியணும் சார்! இல்லேன்னா எந்த வார்டுக்குன்னு எப்படிக் குடுக்கறது?" என்றாள் மைக்.

"நான் இதுக்குப் புதுசு சார்," என்றார் வாட்ச்மேன் அப்பாவியாக. "நீங்கதான் சொல்லித் தரணும்."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது முறையும் விரிப்பு மூட்டையாகவே வந்தது. மைக் அதை உதறி, வாசலில் நின்ற தோழி ஒருத்தியோடு நான்கே மடிப்பில் முடித்தாள். விரல்கள் துணியின் முனையைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

"தினம் அம்பது மடிச்ச கையாம் மேடம் அது! மடிக்கவே தெரியாத கைக்கு மூணு வருஷமா எங்க நடுவுல என்ன வேலைன்னு கேளுங்க!"

வந்துவிட்டது குரல்! தாழ்வாரமே அதிர்ந்தது.

சூப்பர்வைசர் கவுன்சிலரைக் கூப்பிடப் போனை எடுத்தான்.

"போனை மேசைமேல வைங்க," என்றார் அதிகாரியம்மா. "விசாரணை முடியற வரைக்கும் சலவைக்கூடத்துப் பக்கமே நீங்க வரக் கூடாது."

"நான் சொல்றேன் மேடம்." புதிய பெண் முன்னால் வந்தாள்.

"என் பேரையும் எழுதுங்க!"

"ஏய், தள்ளுடி, உனக்கு முன்னாடி சேந்தவ நான்!"

ஏழாவது பெண் வாயைத் திறந்தபோது அதிகாரியம்மாவிடம் தாள் தீர்ந்துபோனது. மைக் பக்கத்து அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ஒரு கட்டுத் தாள் குடுங்க சார், சீக்கிரம்! இன்னும் ஆளுங்க நிக்கறாங்க!"