கயிற்றுப் பாய்க்கு ஈடாகப் போன ஆட்டக்காரன்

என் கிரிக்கெட் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் என்னை வேறொரு அணி கேட்டு வாங்கியது. கேட்டு வாங்கியது என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் நடந்தது பண்டமாற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் அணி என்னைக் கொடுத்தது, ராஜபாளையம் அணி ஒரு கயிற்றுப் பாயைக் கொடுத்தது. அந்தப் பாய் நன்றாக உழைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்து மைதானங்களில் புல் என்பது ஆடு மேய்கிற ஓரத்தில் மட்டும்தான் இருக்கும். நடுவில் கட்டாந்தரை. அதன் மேல் தென்னை நாரில் பின்னிய நீளமான பாயை விரித்து, ஓரங்களில் இரும்பு ஆணி அடித்து இழுத்துக் கட்டி, அதில்தான் பந்து போடுவோம். பாய் இல்லாத அணிக்கு லீக்கில் இடமில்லை. எங்கள் பாயை மழைக்காலத்தில் சுருட்டி ஒரு மாட்டுக் கொட்டகையில் வைத்திருந்தோம். வெயில் வந்ததும் விரித்துப் பார்த்தால், கரையான் தின்றது போக மிச்சம்தான் இருந்தது. பந்து குத்த வேண்டிய இடத்தில் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு ஓட்டை. எங்கள் கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, இந்த ஓட்டையிலேயே பந்தைப் போட்டுப் பழகினால் என்ன என்று கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் மின்சார ஆபீசில் கிளார்க். எதையும் சுலபத்தில் கைவிடாத மனிதர், என்னைத் தவிர.

அந்த வருஷம் பார்த்து லீக்கில் ஒரு முடிவு எடுத்தார்கள். அதுவரை நான்கு டிவிஷன் இருந்தது. நாங்கள் நான்காவது. அதற்குக் கீழே தரை மட்டும்தான். அணிகள் அதிகமாகிவிட்டன, மைதானம் இல்லை, அம்பயர்கள் இல்லை, ஆகவே அடுத்த வருஷம் நான்காவது டிவிஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான்காவதில் முதலாவதாக வருகிற ஒரு அணி மட்டும் மூன்றாவதுக்குப் போகலாம். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஏதாவது செய்துகொள்ளலாம். யோசித்துப் பார்த்தால் அது நியாயமான முடிவு. நான்காவது டிவிஷனில் நடந்ததைக் கிரிக்கெட் என்று சொன்னால் கிரிக்கெட்டுக்குக் கோபம் வரும். ஆனால் என்னைப் போன்றவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊருக்குள் நடப்பதற்கு இருந்த ஒரே வழி அதுதான். நியாயமான முடிவு எது எடுத்தாலும் அது என் தலையில்தான் வந்து விடியும்.

எங்களிடம் ஆள் நிறைய இருந்தது, பாய் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு அணியிடம் பாய் இரண்டு இருந்தது, ஆள் இல்லை. அவர்களுடைய பையன்களில் பாதிப் பேர் கோயம்புத்தூருக்கும் மெட்ராசுக்கும் படிக்கப் போய்விட்டார்கள். பதினோரு பேர் வந்து நின்றால்தான் டாஸ் போட விடுவார்கள். அவர்களுக்குப் பத்துப் பேர்தான் தேறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ராஜபாளையம் கேப்டன் மோட்டார் சைக்கிளில் எங்கள் மைதானத்துக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அப்பாவுக்குப் பேண்டேஜ் துணிக் கம்பெனி. வீட்டில் தெலுங்கு, வெளியே நல்ல தமிழ். வந்தவர் நேராக எங்கள் வேகப்பந்து வீச்சாளனைக் கை காட்டினார்.

“அவரு ஒருத்தரக் குடுங்க. பாய இன்னைக்கே வண்டியில ஏத்தி விடுதேன்.”

“அவன் இல்லாட்டி எங்க டீமே கெடையாதுங்க” என்றார் எங்கள் கேப்டன்.

“அப்பக் கீப்பர்?”

“அவனுக்கு வெளியூர் ஒத்துக்கிடாது.”

எங்கள் ஊரிலிருந்து ராஜபாளையம், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடும். அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நான் வேலியோரம் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தேன். எங்கள் கேப்டனின் கண் என் மேல் வந்து நின்றது. மூன்று வருஷமாக என்னை ஒரு வார்த்தை பாராட்டாத மனிதர், அன்றைக்கு வாய் திறந்தார்.

“இவனக் கூட்டிட்டுப் போங்க. இவன மாதிரி நின்னு ஆடுத ஆளு இந்த ஏரியாவுலயே கெடையாது. எம்புட்டு நேரம்னாலும் நிப்பான்.”

நான் மைதானத்தில் அதிக நேரம் நின்றது அம்பயராகத்தான். எங்கள் லீக்கில் மட்டை பிடிக்கிற அணிதான் அம்பயருக்கு ஆள் தர வேண்டும். வேறு யாரும் முன்வராததால் பெரும்பாலும் நான் போய் நிற்பேன். ஆனாலும் கேப்டன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு நாள் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறாரே என்று நினைத்தேன். மேற்கொண்டு என் கேட்ச் பிடிக்கும் திறமையைப் பற்றியும் சொன்னார். அது எனக்கே புதிய செய்தி. சந்தையில் மாட்டுத் தரகர் பேசுகிற மாதிரி பேசினார். பல்லைப் பிடித்துக் காட்டாததுதான் குறை. நான் மாடு என்பது தெரியாமல், யாரோ நல்ல மாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, எல்லா ஞாயித்துக்கிழமையும் வந்துருவீங்கள்லா?”

“வந்துருவேண்ணே.”

“அது போதும்” என்றார்.

வீட்டுக்குப் போய் என் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏலே, அவிய ஒன்னயக் கேட்டாவளா, இல்ல இவிய ஒன்னயக் குடுத்தாவளா?”

“ரெண்டும் ஒண்ணுதானக்கா.”

“பாயி புதுசா, பழசா?”

பழசுதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ராஜபாளையம் போன பிறகுதான் என் மதிப்பு எனக்கே புரிந்தது. அந்த அணியில் கேப்டன், அவருடைய சித்தப்பா மகன், கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், ஷிஃப்ட் முடிந்து தூக்கத்தோடு வருகிற மில் ஆட்கள் என்று பத்துப் பேர். நான் பதினொன்றாவது. நான் வந்தால் ஆட்டம், வராவிட்டால் ஆட்டம் இல்லை. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் நான். அப்படிப் பார்த்தால் எனக்கு விலையே போட முடியாது. என் இடத்தில் ஒரு தென்னங்கன்றை நிறுத்தி வைக்கலாம் என்று லீக்கில் அனுமதித்திருந்தால் அதற்கும் அதே மதிப்புதான் கிடைத்திருக்கும்.

மைதானத்துக்குள் அவர்கள் ஒருவருக்கொருவர் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். எதிரணிக்குப் புரியக் கூடாது என்று ஏற்பாடு. எனக்கும் புரியாது. முதல் ஆட்டத்திலேயே எதிர்முனையில் நின்ற சித்தப்பா மகன் “வத்து, வத்து” என்று கத்தினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன். வேண்டாம் என்று அதற்கு அர்த்தமாம். அவுட் ஆகித் திரும்பி வரும்போது கேப்டன்தான் சொல்லிக் கொடுத்தார். கோபப்படவில்லை.

அந்த மனிதர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ஞாயிறு காலையில் பஸ் ஸ்டாண்டில் மோட்டார் சைக்கிளோடு காத்திருப்பார். ஆட்டம் முடிந்ததும் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போவார். எனக்கும் மட்டை பிடிக்க இடம் கொடுத்தார். முதலில் ஆறாவதாக இறக்கினார். அடுத்த வாரம் ஏழாவது. அதற்கடுத்த வாரம் எட்டாவது. ஒன்றும் சொல்லாமல் வாரம் ஒரு படியாக இறக்கி, கடைசிப் படியில் பத்திரமாகக் கொண்டுபோய் உட்கார வைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தபோது எனக்கு அந்தப் படிகூட இருந்ததில்லை.

ஒருநாள் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, எதற்காக இப்படி ஆள் தேடி அலைகிறீர்கள் என்று கேட்டேன்.

“எங்க நாயினா ஒரு கண்டிசன் போட்டிருக்காரு” என்றார். “டீமு லீக்ல இருக்குறவரைக்கும் ஞாயித்துக்கிழம ஒனக்கு. லீக்ல இல்லன்னா ஞாயித்துக்கிழமையும் கம்பெனிக்கு வந்துரணும்னுட்டாரு. மத்த ஆறு நாளும் அங்கதான இருக்கேன். இது ஒண்ணுதாந் தம்பி எனக்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு புரோட்டா எனக்குச் சரியாக இறங்கவில்லை. ஒரு மனிதனுடைய ஞாயிற்றுக்கிழமை என்னைப் போன்றவர்களின் கையில் இருக்கிறது என்பது பயமாக இருந்தது.

ஆனால் நாங்கள் ஜெயித்துக்கொண்டே போனோம். டிவிஷன் மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே பல அணிகள் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டன. வராத அணிகளை ஜெயிப்பதில் நாங்கள் வல்லவர்கள். அதே வேலையை என் பழைய அணியும் செய்துகொண்டிருந்தது. கடைசியில் முதலிடத்துக்கு மிஞ்சியது நாங்களும் அவர்களும்தான். ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில், அந்தப் பாயின் மேல்.

அன்றைக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்திருந்தது. எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடியது. பிறகு நாங்கள். நல்ல ஆட்டம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பந்து வராத இடமாகப் பார்த்து நின்றதால் அதிகம் கவனிக்கவில்லை. எங்கள் ராஜபாளையம் கேப்டன் முதலில் இறங்கியவர், மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருக்க, ஒற்றை ஆளாக நின்று அடித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது ஜெயிப்பதற்கு மூன்று ரன் பாக்கி. ஓவரில் ஒரே ஒரு பந்து மிச்சம். அதைச் சந்திக்க வேண்டியவன் நான்.

கேப்டன் பாதி தூரம் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். “ஒரே ஒரு பந்துதான் தம்பி. அடிக்கவே வேண்டாம். மட்டைய நேரா வச்சிக்கிட்டு நில்லுங்க. அடுத்த ஓவர நான் பாத்துக்கிடுதேன்.”

என் பழைய கேப்டன் எனக்குப் பக்கத்திலேயே வந்து குனிந்து நின்றுகொண்டார். “ஏலே, நீ இந்த ஊருக்காரன். அத மறந்துறாத” என்று என் காதில் விழுகிற மாதிரி சொன்னார்.

எனக்கு அப்போதுதான் விஷயத்தின் கனம் உறைத்தது. பிறந்த ஊர் ஒரு பக்கம், செஞ்சோற்றுக் கடன் ஒரு பக்கம். சோறு இல்லை, புரோட்டா. இருந்தாலும் கடன் கடன்தான். சொந்த ஊரே எதிர்த்தாலும் சரி, தின்ற வீட்டுக்குத் துரோகம் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்ததும் எனக்கே என் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. தர்ம சங்கடத்தைத் தீர்ப்பதில் இருந்த மும்முரத்தில், பந்து போடுகிறவன் ஓடிவரத் தொடங்கியதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தேன்.

பந்து அவனுடைய வேர்வைக் கையிலிருந்து நழுவியது. தரையில் குத்தாமல், சோம்பலாக, முழங்கால் உயரத்தில் மிதந்து வந்தது. என் அக்கா கரண்டியை வைத்துக்கூட அடித்திருப்பாள். நான் கேப்டன் சொன்ன வார்த்தையைத் தட்டாமல் மட்டையை நேராக வைத்தேன். மட்டை மிக நேராக இருந்தது. பந்து வந்த பாதையில்தான் இல்லை. ஸ்டம்பு சாய்ந்த சத்தம் பின்னால் கேட்டது.

அடுத்த நிமிஷம் என் பழைய நண்பர்கள் ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கிவிட்டார்கள். விக்கெட் எடுத்தவனை விட்டுவிட்டு என்னைத் தூக்கினார்கள். “நீ நம்மள விட்டுக் குடுக்க மாட்டன்னு எனக்குத் தெரியும்லே” என்றார் பழைய கேப்டன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கூட்டம் கை தட்டியது. என் வாழ்நாளில் என்னைத் தோளில் தூக்கியது அந்த ஒரு முறைதான்.

ராஜபாளையத்துச் சித்தப்பா மகன் மட்டையை வீசி எறிந்துவிட்டு வந்தார். “பேசி வச்சுத்தான் அவுட் ஆயிருக்கான். எறங்குடா கீழ.”

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொன்னால் நான் மண்ணு. பேசாமல் இருந்தால் துரோகி. துரோகி என்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. வேண்டுமென்றே அவுட் ஆகிறவன், வேண்டுமென்றால் நின்றும் ஆடியிருப்பான் அல்லவா? அடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அடிக்காமல் விடத் தெரியும். தோளின் மேல் உட்கார்ந்தபடி நான் மௌனமாக இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் பெரிய ஆட்டக்காரனாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்போது கேப்டன் வந்து சித்தப்பா மகனின் கையைப் பிடித்தார்.

“விடுடா. அந்தத் தம்பி வேணும்னு பண்ணல. சீசன் பூரா பாத்தோம்லா. அவரு ஆட்டமே அம்புட்டுத்தான்.”

சித்தப்பா மகன் என்னை ஒரு முறை பார்த்தார். கோபம் அப்படியே வடிந்துவிட்டது. என் பழைய கேப்டனும் யோசித்துப் பார்த்துவிட்டு, “ஆமா, அதுவுஞ் சரிதான்” என்றார். என்னைத் தூக்கியவர்கள் மெதுவாக, மரியாதையாக இறக்கி விட்டுவிட்டு, விக்கெட் எடுத்தவனைத் தேடிப் போனார்கள்.

நான் கேப்டனிடம் போனேன். அவர் தனியாக உட்கார்ந்து கால் பேடின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், துரோகி என்று சொல்லியிருக்கலாம், நான் ஊர் முழுக்க அதைப் பட்டமாகச் சுமந்திருப்பேன். தன் அணி லீக்கை விட்டே போன நேரத்திலும் என் மேல் வீண் பழி விழக் கூடாது என்று பார்த்திருக்கிறார்.

“மன்னிச்சிருங்கண்ணே.”

“எதுக்கு? சொன்ன மாதிரி நேராத்தான வச்சீங்க” என்றார். “பந்து வருத எடத்துக்கு முன்காலக் கொண்டுபோகணும், அம்புட்டுத்தான். அடுத்த ஞாயித்துக்கிழம கொஞ்சம் முன்னாடியே வாங்க. நானே பந்து போட்டுப் பழக்கி விடுதேன்.”

தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே இருக்க வேண்டும் என்பது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.